உடலுக்குள் ஒரு தண்ணீர்ப் பந்தல்



ஆண்டுதோறும் இம்மலரில் நான் எழுதி வருவது பெரும்பாலும் திருவிழா, சமய நெறி, தமிழ்க்கல்வி ஆகியவை பற்றித்தான். இம்முறை மலர்க்குழுவினரிடம் அனுமதி கேட்டு, மருத்துவமனையோடு தொடர்புடைய ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் கணிதமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் என் குடும்பத்தில் நடந்த ஒன்றையும், அதன் பிறகு நான் தேடிக் கற்றுக்கொண்டதையும் உங்களுக்குச் சொல்லாமல் விடுவது தவறு என்று என் மனத்திற்குப் பட்டது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைப்பது பினாங்கில் வாழும் நமக்குப் பழகிய அறம். பந்தலில் நிற்கும் தொண்டர் யாரும், "உனக்கு இது எத்தனையாவது குவளை?" என்று கேட்பதில்லை. தண்ணீர் கொடுப்பதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அதே மனத்தோடுதான் நாம் மருத்துவமனைக்கும் போகிறோம். படுத்திருப்பவர் கையில் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நமக்கு ஆறுதல். அது நின்றுவிட்டால், "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களோ" என்று பதறுகிறோம். நானும் அப்படிப் பதறியவன்தான். பதறியதோடு நில்லாமல் ஒரு மருத்துவரிடம் குரலை உயர்த்தியும் பேசியவன்.

ஒரு புண்ணும் ஒரு நாளும்

2018ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் என் தம்பி பால்காவடி எடுத்தான். அப்போது அவனுக்கு ஐம்பத்தாறு வயது. பத்தாண்டுகளாக நீரிழிவு நோயும் இருந்தது. வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்ததில் வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தபடியால் அவனுக்கு வலி தெரியவில்லை. வழக்கம்போல் வேலைக்கும் போய் வந்தான்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் கண்டன. நான் போய்ப் பார்த்தபோது கை சில்லென்று இருந்தது. பேச்சிலும் ஒரு தடுமாற்றம். "அண்ணே, உடம்பில தெம்பே இல்லை. ஒரு பாட்டில் தண்ணி ஏத்தினா சரியாயிடும்" என்றான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கிற்கு அழைத்துப் போய், நாங்களே கேட்டு ஒரு பாட்டில் டிரிப் போட்டுக்கொண்டோம். காலில் புண் இருப்பதை அவன் சொல்லவில்லை. நானும் அவன் காலைப் பார்க்கவில்லை. டிரிப் முடிந்தபோது முகம் சற்றுத் தெளிந்திருந்தது. நிம்மதியாக வீட்டிற்கு அழைத்து வந்துவிட்டோம்.

மறுநாள் மாலை அவனுக்கு நினைவு தப்பியது. ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். புண்ணிலிருந்த கிருமியால் உடல் முழுவதும் பாதிக்கப்பட்டு, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கியிருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். இதற்குச் செப்சிஸ் என்று பெயர். உடனே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள். இரண்டு கைகளிலும் டிரிப் வேகமாக ஓடியது. அன்றிரவே அறுவை சிகிச்சை செய்து, அழுகிய இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அவனைப் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. முகமும் கைகால்களும் வீங்கி, கல்யாண மோதிரத்தை வெட்டி எடுக்கும்படி ஆகியிருந்தது. திரையில் இரத்த அழுத்தம் சற்று இறங்கியது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். டிரிப்பைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, தம்பியின் இரண்டு கால்களையும் உயர்த்தி வைத்து, ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கால்களை இறக்கிவிட்டார். வேறொரு மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டிவிட்டுப் புறப்பட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அழுத்தம் இறங்குகிறது, நீங்கள் தண்ணீர் கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்களே! காலைத் தூக்கி விளையாடுகிற நேரமா இது?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை வெளியே அழைத்துப் போய் உட்கார வைத்தார். "ஐயா, தண்ணீர் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். கொடுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் கஷ்டம். உங்கள் தம்பியின் உடம்பிலுள்ள ஒவ்வோர் அணுவுக்கும் ஆக்ஸிஜன் போய்ச் சேர வேண்டும். தண்ணீர் அதற்கு வழிதான். இப்போது அந்த வழியே வெள்ளத்தில் கிடக்கிறது" என்றார். என் வாழ்நாளில் நான் கேட்ட சிறந்த அறிவியல் பாடம் அதுதான்.

பாட்டிலில் என்ன இருக்கிறது?

டிரிப் பாட்டிலில் 'தெம்பு' இருப்பதாக நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் என்ன இருக்கிறது? 'நார்மல் சலைன்' என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த தூய நீர். அரை லிட்டர் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. குளுக்கோஸ் பாட்டில் என்பது 5 விழுக்காடு சர்க்கரை நீர். அரை லிட்டரில் 25 கிராம், ஏறக்குறைய 100 கலோரி. ஐந்தாறு தேக்கரண்டிச் சீனிக்கு ஈடு. வாயால் குடிக்கக் கூடியவருக்கு இதில் தனிச் சத்து ஒன்றும் இல்லை.

மருத்துவமனைகளில் 'ஹார்ட்மன்' என்று எழுதிய பாட்டிலையும் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்து ஆராய்ந்தார். ஒரு சமயம் அது நெடுநேரம் துடித்துக்கொண்டே இருந்தது. காரணம் தேடியபோது, உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீரைப் பயன்படுத்தியது தெரிந்தது. குழாய் நீரிலிருந்த கால்சியமே இதயத்தைத் துடிக்க வைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் அந்த ரிங்கர் நீரோடு லாக்டேட் சேர்த்து, உடலின் நீருக்கு இன்னும் நெருக்கமாக்கினார்.

எந்த உப்பு நீரானாலும் அதற்கு ஒரு குணம் உண்டு. இரத்தக் குழாய்க்குள் விட்டதெல்லாம் அங்கேயே தங்கிவிடுவதில்லை. ஆரோக்கியமான உடலில் ஒரு லிட்டர் ஏற்றினால், ஓரிரு மணி நேரத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் குழாய்களுக்குள் மிஞ்சும். மற்றது கசிந்து திசுக்களுக்குள் போய்விடும். கடும் நோயில் குழாய்களின் உட்சுவரில் பாசி போல் படர்ந்திருக்கும் மெல்லிய பூச்சு அழிந்துவிடுவதால் கசிவு இன்னும் கூடும். என் தம்பியின் மோதிரத்தை வெட்ட வேண்டி வந்தது இதனால்தான்.

உயிர்வளியின் கணக்கு

ஆக்ஸிஜன் என்பதைப் பள்ளிப் பாடத்தில் உயிர்வளி என்று சொல்லிக் கொடுத்தோம். அது உடலில் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். பொறுமையோடு படியுங்கள்.

இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் பொருள் இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்கும். நலமான ஒருவருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், அது சுமப்பது ஏறக்குறைய 20 மில்லிலிட்டர். இதயம் நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. ஆக, நிமிடத்திற்கு 1,000 மில்லிலிட்டர் உயிர்வளி உடலுக்குப் போகிறது. ஓய்வாக இருக்கும் உடல் அதில் 250 மில்லிலிட்டரைத்தான் எடுத்துக்கொள்கிறது. மீதி முக்கால் பங்கு திரும்பி வந்துவிடுகிறது. இறைவன் நமக்கு வைத்திருக்கும் சேமிப்பு அது.

இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து செல்லும் உயிர்வளி எவ்வளவு? 100 மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிலிட்டர்தான். அதாவது, நாம் ஏற்றும் உப்பு நீர் உயிர்வளியை ஏறக்குறைய சுமப்பதே இல்லை.

இப்போது கடும் நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 10 கிராம். இதயம் 5 லிட்டர் இறைக்கிறது. திசுக்களுக்குப் போவது நிமிடத்திற்கு 670 மில்லிலிட்டர். அவருக்கு நிறைய டிரிப் ஏற்றியதால் இரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் 8 கிராமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிப்பினால் இதயம் இறைக்கும் அளவு 7 லிட்டராக உயர்ந்தால் 750 மில்லிலிட்டர் போகும், நன்மை. இதயம் அதே 5 லிட்டரில் நின்றுவிட்டால் 536 மில்லிலிட்டர்தான் போகும். தண்ணீர் கூடியது, உயிர்வளி குறைந்தது! ஒரே பாட்டில் ஒருவரைக் காப்பதும் இன்னொருவருக்குக் கேடு செய்வதும் இப்படித்தான்.

ஆறும் படகும்

நான் சிறு வயதில் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். இதை அந்த ஆற்றைக் கொண்டே விளங்கிக்கொள்கிறேன். இரத்தத்தை ஆறு என்று கொள்ளுங்கள். சிவப்பணுக்கள் படகுகள். உயிர்வளி அவற்றில் ஏற்றிய அரிசி மூட்டைகள். கரையோர லயத்து வீடுகள் நம் உடலின் அணுக்கள்.

ஆற்றில் நீர் வற்றினால் படகு தரைதட்டும். கரையில் எத்தனை மூட்டைகள் அடுக்கி வைத்திருந்தாலும் வீடுகள் பட்டினி. வயிற்றுப்போக்கு, தீக்காயம், இரத்தப்போக்கு, செப்சிஸின் தொடக்கம் ஆகியவற்றில் நிலைமை இதுதான். அப்போது நீர் பாய்ச்சத்தான் வேண்டும், தாமதிக்கவும் கூடாது.

ஆறு கரை புரண்டால்? மழைக்காலத்தில் எங்கள் லயத்திற்குள் தண்ணீர் வந்துவிடும். படகுத் துறைக்கும் வீட்டுக்கும் நடுவே சேறு. மூட்டை படகில் இருக்கும், வீட்டுக்கு வராது. உடலிலும் அப்படியே. மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளிலிருந்து ஒரு தலைமுடியின் பருமனுக்கும் குறைந்த தூரத்தைக் கடந்துதான் உயிர்வளி அணுவைச் சேர்கிறது. திசுவில் நீர் தேங்கினால் அந்தத் தூரம் கூடுகிறது. நுரையீரலில் தேங்கினால் உயிர்வளி இரத்தத்தில் ஏறுவதே தடைப்படுகிறது. சிறுநீரகமும் குடலும் வீங்கி நெருக்கப்படுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

லீத் நகரத்து மூதாட்டி

இரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றும் வழக்கம் காலரா நோயிலிருந்து பிறந்தது. 1831-32இல் பிரிட்டனில் காலரா பரவியபோது, வில்லியம் ஓஷானசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைக் காட்டினார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் இவரே. இவருடைய ஆய்வைப் படித்த தாமஸ் லாட்டா என்பவர், 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் அதைச் செயலில் காட்டத் துணிந்தார்.

அவருடைய முதல் நோயாளி சாகும் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டி. சிறிது சிறிதாக உப்பு நீரை நரம்பில் செலுத்தினார். முதலில் மாற்றம் இல்லை. பிறகு மூச்சு எளிதாயிற்று, குழி விழுந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பியது, கைகால்கள் சூடாயின. அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர் ஏற்றியிருந்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணி, மருத்துவமனையின் வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் மீண்டும் வந்தன. யாரும் திரும்ப நீர் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தம்பியை அழைத்துப் போன கிளினிக்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டில் ஏற்றியதும் முகம் தெளிந்தது, நோய் போய்விட்டது என்று நம்பினோம். நீர் ஏற்றுவது நோயை நீக்குவதாகாது. நோயை நீக்க அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவே. அந்த அவகாசத்தை நாங்கள் வீட்டில் உறங்கிக் கழித்துவிட்டோம்.

ஆய்வுகள் கற்றுத் தந்தவை

2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எமானுவேல் ரிவர்ஸ் என்னும் மருத்துவர், கடுமையான செப்சிஸ் கண்ட 263 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். முதல் ஆறு மணி நேரத்திலேயே நீர், மருந்து, தேவைப்பட்டால் இரத்தம் ஆகியவற்றைக் கொடுத்து, இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தில் எவ்வளவு உயிர்வளி மிஞ்சியிருக்கிறது என்பதை விடாமல் அளந்தார். வழக்கமான சிகிச்சையில் மருத்துவமனையில் இறந்தவர் 46.5 விழுக்காடு, இம்முறையில் 30.5 விழுக்காடு. உலகெங்கும் இது பின்பற்றப்பட்டது. ஆனால், 2014இலும் 2015இலும் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகள், அந்த அளவுகோலை அப்படியே பின்பற்றுவதால் தனி நன்மை இல்லை என்று காட்டின. அதற்குள் எல்லா மருத்துவமனைகளும் நோயை விரைந்து கண்டு, விரைந்து சிகிச்சை தொடங்கக் கற்றுக்கொண்டிருந்தன என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். நிலைத்து நின்ற பாடம் விரைவு.

2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு மருத்துவ உலகையே திடுக்கிட வைத்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில், கடுங்காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் இது நடத்தப்பட்டது. வேகமாக நீர் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்திற்குள் இறந்தவர் ஏறக்குறைய 10.5 விழுக்காடு. அப்படி ஏற்றப்படாத குழந்தைகளில் 7.3 விழுக்காடு. தீவிர சிகிச்சை வசதியில்லாத இடங்களில், பெரும்பாலும் மலேரியா கண்ட குழந்தைகளிடம் கிடைத்த முடிவு இது. எல்லா நோய்க்கும் இதைப் பொருத்த முடியாது. வயிற்றுப்போக்கால் வற்றிய குழந்தைகள் இதில் சேர்க்கப்படவும் இல்லை. ஆயினும், "தண்ணீர்தானே, கூடினால் என்ன?" என்ற எண்ணம் அன்றோடு உடைந்தது.

2006இல் அமெரிக்காவில் நுரையீரல் பழுதுபட்ட 1,000 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நீரைக் கட்டுப்படுத்தியவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தவர்களுக்கும் இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. கட்டுப்படுத்தியவர்கள் சுவாசக் கருவியிலிருந்து முன்னதாக விடுபட்டார்கள். 1999இல் கனடாவில் வந்த ஆய்வு, பெரும்பாலான தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இறங்கும்வரை இரத்தம் ஏற்றாமல் காத்திருப்பதால் கேடில்லை என்று காட்டியது. நீரைப் போலவே இரத்தமும் அளவோடுதான்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

திசுக்களுக்கு உயிர்வளி போய்ச் சேருகிறதா என்பதை நேரடியாகக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் மருத்துவர்கள் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நினைவு தெளிவாக இருக்கிறதா, முழங்கால் தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா, சிறுநீர் வருகிறதா என்று கவனிக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டராவது சிறுநீர் வர வேண்டும். இரத்தத்தில் லாக்டேட் அளவையும் பார்க்கிறார்கள். உயிர்வளி போதாத அணுக்கள் அதை மிகுதியாக வெளியேற்றும். 2க்கு மேல் போனால் கவலை, ஏறிக்கொண்டே போனால் பெருங்கவலை.

விரல் நுனியை அழுத்தி விட்டு, நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பதும் ஒரு முறை. மூன்று நொடிக்கு மேலானால் இரத்த ஓட்டம் குன்றியிருக்கிறது எனலாம். தென் அமெரிக்க நாடுகளில் 424 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், லாக்டேட்டை மட்டும் பார்த்துச் செய்த சிகிச்சைக்கு இந்த எளிய விரல் சோதனை எவ்விதத்திலும் குறைந்ததாகத் தெரியவில்லை. விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த அறையிலும் ஒரு மனிதக் கை நோயாளியைத் தொட வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் மருத்துவர் தம்பியின் காலைத் தூக்கிப் பார்த்ததும் இத்தகைய சோதனைதான். கால்களை உயர்த்தினால் அங்கு தேங்கிய ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் இரத்தம் இதயத்தை நோக்கி ஓடும். அதாவது, நோயாளியின் சொந்த இரத்தத்தையே சிறிது நேரம் கடனாக வாங்கிப் பார்ப்பது. இதயம் கூடுதலாக இறைத்தால் டிரிப் பயன் தரும். இறைக்காவிட்டால் டிரிப் வீக்கத்தைத்தான் கூட்டும். காலை இறக்கினால் கடன் தீர்ந்துவிடும், கேடில்லை. தம்பியின் இதயம் கூடுதலாக இறைக்கவில்லை. அதனால்தான் அவர் நீர் கொடுக்காமல், தளர்ந்த குழாய்களை இறுக்கும் மருந்தைக் கூட்டினார். நான் 'விளையாட்டு' என்று ஏசியது என் தம்பியைக் காத்த கணக்கு. இரண்டு நாள் கழித்து, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. சுவாசக் கருவியும் எடுக்கப்பட்டது.

நம் நாட்டில் அடிக்கடி காணும் டிங்கிக் காய்ச்சலிலும் இதே நியாயம்தான். காய்ச்சல் தணியும் சமயத்தில் 24 முதல் 48 மணி நேரம்வரை இரத்தத்தின் நீர் குழாய்களிலிருந்து கசியும். அப்போது டிரிப் உயிரைக் காக்கும். பிறகு கசிந்த நீர் தானாகவே குழாய்களுக்குத் திரும்பும். அந்த நேரத்திலும் டிரிப் ஓடினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே, நேற்று ஓடிய டிரிப் இன்று நிறுத்தப்பட்டால், பல சமயம் அது நல்ல செய்தியே.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: காய்ச்சலோடு கை சில்லிடுதல், பேச்சுத் தடுமாற்றம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால், டிரிப் தேடிக் கிளினிக் செல்லாமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் பாதத்தைப் பாருங்கள். காவடி எடுப்பவர்களும் மலையேறி வந்தவர்களும் அன்றிரவே பாதத்தைக் கழுவி, விளக்கொளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீரின் அளவை அவர் தீர்மானிக்க அது உதவும்.

மூன்று: நீர் கட்டுப்படுத்தப்பட்ட நோயாளி தாகம் என்று கேட்டால், நமக்கு மனம் தாங்காது. ஆனாலும் ஒளித்துக் கொடுக்காதீர்கள். உதட்டை நனைக்கலாமா என்று தாதியைக் கேளுங்கள். தாதியர் ஒவ்வொரு மில்லிலிட்டரையும் எழுதி வைக்கிறார்கள். நாம் இரகசியமாகக் கொடுப்பது அந்தக் கணக்கைப் பொய்யாக்கும்.

நான்கு: "ஏன் டிரிப் போடவில்லை?" என்று சண்டையிடுவதற்குப் பதிலாக, "இன்று சிறுநீர் எவ்வளவு? லாக்டேட் இறங்குகிறதா? கூடுதல் நீர் அவருக்கு உதவுமா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. அறிந்து கேட்டால் மருத்துவரும் மனம் திறந்து பேசுவார்.

ஐந்து: இது நன்கொடையாளர்களுக்கு. உப்பு நீரைத் தொழிற்சாலையில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உயிர்வளியைச் சுமக்கும் படகை அப்படிச் செய்து குவிக்க முடியாது. அது இன்னொரு மனிதரின் கையிலிருந்துதான் வர வேண்டும். அறுவை சிகிச்சை அன்று என் தம்பிக்கு இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். கொடுத்தவர் யார், எந்த இனம், எந்தச் சமயம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சேகரித்த சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் 35 முதல் 42 நாள்வரைதான் வைத்திருக்க முடியும். திருவிழாக் காலத்தில் மட்டும் கூட்டமாகக் கொடுத்துவிட்டு, மற்ற மாதங்களில் மறந்துவிட்டால் பயனில்லை. ஆகவே, நம் மண்டபத்தில் நடக்கும் இரத்த தான முகாமை ஆண்டுக்கு ஒரு தடவை என்பதிலிருந்து சில தடவையாக உயர்த்த வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் கேட்டிருக்கிறேன். பொருள் கொடுத்து உதவுவோர் இதற்கும் துணை நிற்க வேண்டுகிறேன். உடல்நலம் இடம் கொடுப்போர் கையையும் நீட்ட வேண்டுகிறேன்.

நிறைவாக

தம்பி பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, இரண்டு விரல்களை இழந்து, உயிரோடு வீடு திரும்பினான். அந்த ஒரு நாளை நான் வீணாக்காதிருந்தால் விரல்களும் தப்பியிருக்குமோ என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வீடு திரும்புமுன் அந்தப் பெண் மருத்துவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் கேட்டது தப்பில்லை ஐயா. தம்பி மேல் இருக்கிற பாசம் அப்படிப் பேச வைத்தது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இப்போது தம்பி காவடி எடுப்பதில்லை. ஆண்டுதோறும் எங்கள் தண்ணீர்ப் பந்தலில் காலணியோடு நின்று மோர் ஊற்றுகிறான். வயதான அன்பர்கள் வந்தால், மோரைக் கொடுத்துவிட்டு, "ஐயா, உங்களுக்குச் சீனி வியாதி இருக்கா? வீட்டுக்குப் போனதும் காலைப் பாருங்க" என்று சொல்லாமல் விடுவதில்லை. பந்தலில் நாம் கணக்கில்லாமல் கொடுப்போம், அது அறம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், அதுவும் அறமே.

எல்லாம் வல்ல தண்ணீர்மலை முருகப்பெருமான் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுக.

வாழ்க அறம்! வளர்க தொண்டு!